உதட்டை நிரப்பிய வசனம்

அவள் மூன்று தடவை விஷ ஆப்பிள் தின்று செத்திருக்கிறாள். நூறு வருஷத் தூக்கம் இரண்டு முறை தூங்கியிருக்கிறாள். அரண்மனைப் படிக்கட்டில் செருப்பைத் தவறவிட்டது எத்தனை தடவை என்று அவளுக்கே ஞாபகமில்லை. இத்தனையும் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மைக்கின் முன்னால் வெறுங்காலோடு நின்றபடி நடந்தவை. வெளிநாட்டுக் குழந்தைப் படங்களுக்கு டப்பிங் பேசுவது அவள் பிழைப்பு. வருஷக்கணக்காக இளவரசிகளுக்கு மட்டுமே குரல் கொடுத்ததில் தொழிலில் அவளுக்கு இளவரசி என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது.

ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணி. கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும். அங்கே சில சட்டங்கள் உண்டு. கஞ்சி போட்ட துணி உடுத்தி வரக்கூடாது, சரசரக்கும். வளையல் கூடாது. வெறும் வயிற்றோடு வரக்கூடாது, வயிறு கடமுட என்றால் மைக் அதையும் விடாது. கைப்பேசியை வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இந்தச் சட்டங்களை அவள் ஒருநாளும் மீறியதில்லை. காய்ச்சலடித்தால்கூட இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு வந்து நிற்பாள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. இளவரசிகள் பேசுவதே குறைவு. முதல் படத்துக்கு வசனத்தாளைக் கொடுத்தபோது ஆசையாக எண்ணிப் பார்த்தாள். இளவரசிக்குப் பத்தொன்பது வசனம். திரையில் அந்த இளவரசியின் வீட்டுச் சமையலறையில் இருந்த எலிக்கு அறுபத்திரண்டு. படம் அவள் பெயரில், பேச்செல்லாம் எலிக்கு. மீதி நேரத்துக்கு அவளிடம் கேட்டது பெருமூச்சு, விக்கல், ஒரு 'ஆ', ஒரு 'ஐயோ'. தூங்கும் படத்தில் இரண்டு நாள் முழுக்க மூச்சுதான் விட்டாள்.

"வாயத் தொறக்காமலே இவ்வளவு நல்லா நடிக்கிற பொண்ண நான் பாத்ததே இல்லம்மா" என்று மேனேஜர் பாராட்டினார். அவளும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சவுண்டுக்காரர். நல்ல மனுஷர், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். அவள் விடும் மூச்சு எதையும் வீணாக்காமல் கம்ப்யூட்டரில் பெயர் போட்டுச் சேர்த்து வைத்திருந்தார். 'அழுகை சின்னது', 'அழுகை பெரியது', 'பயம்', 'வெட்கம்', 'அழுது முடித்த மூச்சு'. கடைசியாகச் சொன்னதில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அழுது தீர்த்துவிட்டு, அழவே இல்லை என்று காட்டிக்கொள்ள ஒருத்தி மூக்கால் இழுத்து, தொண்டையில் நிறுத்தி, மெதுவாக விடும் மூச்சு அது. அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

வீட்டில்தான் கற்றுக்கொண்டாள். அவள் புருஷனுக்கு பஸ் பணிமனையில் மேற்பார்வை வேலை. வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். அவளுடைய சொந்தக் குரல் கொஞ்சம் தடிப்பு, அடித்தொண்டையில் கரகரப்பு. அது அவனுக்கு ஆகவே ஆகாது. "எரும கத்துற மாதிரி இருக்கு. அந்தக் குரல்ல பேசு" என்பான். அந்தக் குரல் என்றால் இளவரசிக் குரல். ஆக, இருபது வருஷம் வீட்டிலும் அவள் அந்தக் குரலில்தான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், அந்தக் குரலில்தான் அடிக்காதீங்க என்றும் சொன்னாள். மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எல்லாம் நடந்து முடிந்துவிடும். சாயங்காலம் மகள் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால், அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்பாள். அந்த வீட்டு அலமாரி போல ஆளை இடித்த அலமாரி உலகத்தில் இருந்திருக்காது.

மகளுக்கு ஆறு வயதானபோது அந்தப் படம் வந்தது. ஒரு பெண், கோட்டைக்குள் ஒரு மிருகம், அவனோடு அவள் வாழவேண்டும். அன்பாக இருந்தால் மிருகம் மனுஷனாகிவிடும். இந்தக் கதையைத் தெரியாத ஊர் கிடையாது, படத்துக்குப் படம் மிருகத்தின் மூஞ்சிதான் மாறும்.

பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மகளையும் கூட்டிப் போயிருந்தாள். சவுண்டுக்காரர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது குழந்தை. அன்று காலை இளவரசிக்கு வலது தோள் அசையவில்லை. காரணம் வழக்கமான அலமாரிதான்.

படத்தில் மிருகம் கத்திக்கொண்டு நாற்காலியைத் தூக்கி அடிக்கிறது. பெண் சுவரோரம் நின்று ஏதோ சொல்கிறாள். வசனத்தாள் அந்தக் காலத்தில் ஃபேக்ஸில் வரும். அந்தப் பக்கத்தின் கடைசி வரி மங்கிப்போய்த் தூசி மாதிரி இருந்தது. மொழிபெயர்த்தவர் தெரிந்த மட்டும் எழுதிவிட்டு நழுவிவிட்டார். "நான் இருக்கேன்." அவ்வளவுதான் வசனம். ஆனால் திரையில் அந்தப் பெண்ணின் உதடு அதற்கப்புறமும் அசைந்துகொண்டே இருந்தது. மூல மொழி அங்கே ஒருவருக்கும் தெரியாது. உதடு அசையும்போது சத்தம் இல்லாவிட்டால் படம் ஊமையாகிவிட்டது போல இருக்கும், டப்பிங்கில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

"உதட்ட நிரப்பணும் அக்கா. ஏதாவது போட்டு நிரப்பிடுங்க, சாப்பாட்டு நேரமாச்சு" என்றார் சவுண்டுக்காரர்.

அவள் யோசிக்கவே இல்லை. தோள் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. வாயில் என்ன இருந்ததோ அது வந்தது.

"நான் இருக்கேன். பொறுத்துக்கிட்டே இருக்கேன். என்னிக்காவது நீங்க மாறிடுவீங்க."

உதட்டோடு உதடு ஒட்டினாற்போல் பொருந்தியது. ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் கை தட்டியது இவளுக்குக் கேட்கவில்லை, கண்ணுக்குத் தெரிந்தது.

படம் ஓடு ஓடென்று ஓடியது. வசனம் அதைவிட ஓடியது. பள்ளிப் பையில் அச்சடித்தார்கள். திருமண வாழ்த்து அட்டையில் போட்டார்கள். ஒரு சோப்பு விளம்பரத்தில்கூடச் சட்டைக் கறையைப் பார்த்து ஒரு பெண் இதைச் சொன்னாள். மகள் தலையில் துண்டைக் கட்டி நீளக் கூந்தலாகத் தொங்கவிட்டுக்கொண்டு, வீட்டு நாற்காலியைப் பார்த்து அந்த வசனத்தை நாளைக்குப் பத்துத் தடவை சொன்னாள். இளவரசிக்குப் பெருமை பிடிபடவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பெருமையாகத்தான் இருந்தது. பத்தொன்பது வசனத்துக்காரி முதல்முறையாகத் தானே ஒரு வசனம் எழுதி, அது ஊரெல்லாம் நின்றதே.

நாற்பத்தெட்டு வயதில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பழைய மேனேஜரின் மகன், சின்ன வயது.

"குரல் முத்திடுச்சு அக்கா. இனிமே உங்களுக்குச் சித்தி ரோல், சூனியக்காரி ரோல் குடுக்கலாம்னு இருக்கோம்."

இந்தக் கதைகளில் நாற்பது தாண்டிய பெண்ணுக்கு இரண்டே வேலைதான் உண்டு. ஒன்று, முதல் காட்சிக்கு முன்னாலேயே செத்துப்போயிருக்க வேண்டும். இல்லை, கண்ணாடி முன் நின்று யாருக்கு விஷம் வைக்கலாம் என்று யோசிக்க வேண்டும். அவள் இரண்டாவதை ஏற்றுக்கொண்டாள். வசனத்தாளை வாங்கி எண்ணினால் சூனியக்காரிக்கு நாற்பத்தேழு வசனம். அதையும் தன் சொந்தத் தடித்த குரலிலேயே பேசலாம். முதல் நாள் வாய்விட்டுக் கத்திச் சிரித்துவிட்டு வெளியே வந்தபோது, பல வருஷ மலச்சிக்கல் தீர்ந்த மாதிரி இருக்கிறது என்று சவுண்டுக்காரரிடம் சொன்னாள். அவர் காது சிவந்துவிட்டது.

அப்போது புருஷன் உயிரோடு இல்லை. பக்கவாதம் வந்து நான்கு வருஷம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்திருந்தான்.

மகள் வளர்ந்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எவ்வளவு மெல்லிய நரம்பானாலும் ஒரே குத்தில் கண்டுபிடித்துவிடுவாள். லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் வேலை செய்த ஒருவனைத் தானே பிடித்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பார்க்க லட்சணமானவன். அத்தை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவான். கல்யாணமான இரண்டாம் வருஷம் மகள் கோடையிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். லேபில் ஏ.சி. அதிகம் என்றாள். அலமாரிக் கதை சொன்னவளுக்கு ஏ.சி. கதை புரியாதா? ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு மகள் எதையாவது கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கைப்பையோடு வந்து நின்றாள். இடது மணிக்கட்டில் கட்டு. ஊசி குத்தும்போது நோயாளியின் கையைத் தாங்கிக்கொள்ளும் கை அது.

"கொஞ்ச நாள் இங்க இருக்கேம்மா" என்றாள். இளவரசி எதுவும் கேட்காமல் கட்டிலில் விரிப்பை மாற்றினாள். எத்தனை நாளானாலும் சரி, இவளைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று அப்போதே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஆறாம் நாள் ஸ்டூடியோவிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. மிருகப் படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். கதாநாயகிக்கு ஒரு புதுப் பெண், சாபம் கொடுக்கும் சூனியக்காரிக்கு இவள். இந்த முறை எல்லாம் சுத்தமாக அச்சடித்து, முழு மொழிபெயர்ப்போடு வந்திருந்தது. நாற்காலிக் காட்சியைத் தேடிப் பிடித்துப் படித்தாள். பழைய படத்தின் மூல மொழியில் இருந்த அதே வசனம்தான், மாற்றமில்லை என்று ஓரத்தில் குறிப்பும் இருந்தது.

"நான் இருக்கிறேன். ஆனால் இன்னொரு தடவை என் முன்னால் எதையாவது தூக்கி அடித்தால், இந்தக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவேன்."

இளவரசி அதை நான்கு தடவை படித்தாள். அந்தப் பெண் சொன்னது இதுதானா? மொத்தக் கதையிலும் உருப்படியாக அவள் பேசிய ஒரே பேச்சு ஃபேக்ஸில் மங்கிப்போயிருக்கிறது. அந்த இடத்தில் இவள் போய், நேர் எதிராக, பொறுத்துக்கொள்கிறேன் என்று நிரப்பிவிட்டாள். எழுந்து போய் மகளிடம் தாளை நீட்டினாள்.

"இதப் படி. அந்த வசனம் கதையிலேயே இல்லடி. உதடு ஆடிக்கிட்டே இருந்துச்சு, சாப்பாட்டு நேரம்னு அவசரப்படுத்துனாங்க, நான் வாய்க்கு வந்தத உளறினேன்."

மகள் படித்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்து போயிற்று.

"சரி, அந்த வசனத்த விடு. நீ அப்பாகூடப் பொறுத்துக்கிட்டு இருந்தியே, அது எந்த ஃபேக்ஸ்ல மங்கிப்போச்சு?"

இளவரசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன கண்ணு பொட்டையா? எல்லாம் தெரியும். ஆனா அப்பா கடைசில மாறினாரே. எவ்வளவு சாதுவா இருந்தாரு, நீ ஊட்டிவிட்டா அழுவாரே. நீ பொறுத்துக்கிட்ட, அவர் மாறினாரு. நான் அதக் கண்ணால பாத்தேனே."

"மாறலடி. கை வரல அவருக்கு." இது சொந்தக் குரலில் வந்தது. "வலது கை விழுந்துபோச்சு. இடது கைல டம்ளரத் தூக்கி எறிஞ்சிருக்காரு, நீ படிக்கப் போன நேரத்துல. மாறினது அவர் இல்ல, நரம்பு."

மகள் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தானாகவே போன் செய்து, வேறு கிளைக்கு மாற்றல் கிடைக்குமா என்று லேபில் விசாரித்தாள். இளவரசிக்கு உயிர் திரும்பி வந்தது.

ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை வந்தான். கையில் பூங்கொத்து, முகத்தில் நாலு நாள் தாடி. ஹாலில் மண்டியிட்டு மகளின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பார்க்கிறவர்களுக்கு அவனைத்தான் யாரோ அடித்துவிட்டார்கள் என்று தோன்றும்.

இளவரசி அறைக்குள்ளிருந்து வந்தாள். இளவரசிக் குரலைத் தேடவில்லை.

"எந்திரிடா. இன்னொரு தடவ என் பொண்ணு மேல கை வெச்ச, அந்தக் கைய ஒடிச்சு அடுப்புல வெப்பேன். வெளிய போ."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். ஈரக் கண்ணோடு ஒரு சிரிப்பு சிரித்தான்.

"பயந்தே போயிட்டேன் அத்த! புதுப்பட டயலாக்கா? சூனியக்காரிக்கு உங்கள விட்டா ஆளே இல்ல."

மகளும் சிரித்துவிட்டாள். சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்த நிம்மதி அந்தச் சிரிப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆயுளில் ஒரு தடவை தன் சொந்த வாயால் இளவரசி எதிர்த்துப் பேசினாள். அதையும் வேஷம் என்று கணக்கு முடித்துவிட்டார்கள்.

அரை மணி நேரத்தில் மகள் பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை வந்த அம்மாவின் காதோரம் சொன்னாள்.

"அப்பா மாறலன்னு சொன்ன. ஆனா அப்பா ஒரு தடவகூடக் கால்ல விழுந்து அழுததில்லல்ல? இவர் அழறாரும்மா. அதுதான் வித்தியாசம்."

உண்மையைச் சொன்னதும் தப்பாகப் போயிற்று. இளவரசி மாடிப்படியில் நின்றுகொண்டு, இருவரும் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளைத்தான் நிறுத்த முடியவில்லை, அந்த வசனத்தையாவது நிறுத்துவோம் என்று அடுத்த வாரம் மேனேஜரிடம் போனாள். தாளைக் காட்டினாள். கதையில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றாள்.

"அக்கா, ஜனங்க அந்த ஒரு வசனத்துக்காகத்தான் படம் பாக்க வருவாங்க. அதத் தூக்கிட்டா என்ன மிச்சம்? கம்பெனியே அதத்தான் கேக்குது. புதுப் பொண்ணு சொன்னா உசுரு இல்ல. அதனால உங்க பழைய குரலையே போட்டுட்டோம்."

"என்னக் கேக்காமலா?"

"உங்க குரல்தானே அக்கா, சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சோம்."

அவள் சவுண்டுக்காரரிடம் போனாள். "அத அழிச்சிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கம்பெனி சொத்து அக்கா. நான் பொட்டிய மேய்க்கிறவன்" என்றார். அவள் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சாபக் காட்சிக்கான நாள் வந்தது. கைப்பேசியைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஹெட்போனில் காட்சி முழுவதையும் முதலில் ஓட்டிக் காட்டினார்கள். மிருகம் கத்தியது. நாற்காலி உடைந்தது. இந்தப் படத்தில் பெண் மடமடவென்று பேசி வாயை மூடிக்கொள்கிறாள், பழைய குரல் அவள் உதட்டுக்குப் பொருந்தவில்லை. அதனால் படத்தையே வெட்டி, அவள் முதுகைக் காட்டி, முதுகின் மேல் குரலை ஓடவிட்டிருந்தார்கள். நான் இருக்கேன், பொறுத்துக்கிட்டே இருக்கேன். மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது பேசிய குரல். தோள்வலிகூட அதில் அப்படியே இருந்தது, தெரிந்தவர்களுக்குக் கேட்கும்.

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே சூனியக்காரியின் சாபத்தைச் சொன்னாள். பாதிச் சாபம் முடிந்ததும் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். கூடைக்குள் கைப்பேசி நடுங்கிக்கொண்டிருந்தது. மகள் ஆறு தடவை கூப்பிட்டிருந்தாள், இது ஏழாவது.

"ஒண்ணுமில்லம்மா. கை பட்டு அழுத்திடுச்சு" என்றது மெல்லிய, இனிய குரல். மகளுடைய குரல் அப்படி இருக்காது. இவளுடையதைப் போலத் தடித்த குரல் அவளுக்கும். பேசிவிட்டு மகள் ஒரு மூச்சு விட்டாள். மூக்கால் இழுத்து, தொண்டையில் நிறுத்தி, மெதுவாக.

இளவரசியை யாரும் ஏமாற்ற முடியாத மூச்சு ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

எதையாவது சொல்ல வாய் துடித்தது. சத்தமில்லாத இடத்தை நிரப்பியே பழகிய வாய். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

"அவர் மாறிடுவாரும்மா" என்றாள் மகள், கடைசியில். அது கேள்வியாகத்தான் வந்தது.

"மாறமாட்டான்." தடித்த குரல், டயர் கடை வரை கேட்டிருக்கும். "உங்கப்பன் மாறல. இவனும் மாறமாட்டான். அந்த வசனம் பொய்டி, நான்தான் சொன்னேன், நானே சொல்றேன் பொய்னு. கதவத் தொறந்து வாசல்ல வந்து நில்லு. நான் கிளம்பிட்டேன்."

"வராதம்மா. நீ வந்தா இன்னும் கோவப்படுவாரு."

"படட்டும்."

போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். உள்ளேயிருந்து சவுண்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, சாபம் பாதில நிக்குதே?"

"மீதிய நேர்ல குடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறொரு சூனியக்காரியை வரவழைத்தார்கள். படத்தில் அழவேண்டிய இடம் இன்னும் நான்கு இருந்தது, அதற்கு யாரும் வரவேண்டியிருக்கவில்லை. சவுண்டுக்காரர் பெயர் போட்டுச் சேர்த்து வைத்திருந்த அவள் மூச்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மகள் வீட்டு வாசலில் இளவரசி போய் இறங்கியபோது கதவு மூடியிருந்தது. உள்ளே டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.